கரடகன் என்னும் பெயர்

பஞ்சதந்திரக் கதைகளை அறியாத தமிழர் மிகச் சிலரே. காட்டரசனாகிய சிங்கத்தையும் வழிதவறி வந்த எருதையும் நண்பராக்கி, பின்னர் அவர்களையே பகைவராக்கிய நரியின் கதையைப் பாட்டியின் வாய்மொழியாகவோ பள்ளிப் பாடமாகவோ நாம் கேட்டிருக்கிறோம். அக்கதையில் வரும் நரிகள் இரண்டு. ஒன்று தமனகன், மற்றொன்று கரடகன். அரசனிடம் செல்பவன் தமனகன். நட்பை உண்டாக்குபவனும் அதனைக் குலைப்பவனும் அவனே. கரடகனோ இருந்த இடத்தை விட்டுப் பெரும்பாலும் அசையாதவன். கதையைத் திருப்பிச் சொல்வோர் பலர் அவனை மறந்தே விடுகின்றனர். 'ஒரு நரி இருந்தது' என்று தொடங்கி, அந்த ஒன்றைக் கொண்டே கதையை முடித்து விடுகின்றனர்.

நேயர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மறக்கப்படும் அந்த இரண்டாம் நரியின் பெயரைப் பற்றியே. 'ஒரு நரியின் பெயரைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். கரடகன் என்னும் பெயர் யமுனைக் கரையில் தொடங்கி, பாரசீகம், சிரியா, அரபு நாடு, கிரேக்க நாடு, ஸ்பெயின் ஆகிய இடங்களுக்கெல்லாம் சென்றது. சென்ற இடங்கள் பலவற்றில் நூலின் தலைப்பிலேயே முதற்சொல்லாக அமர்ந்தது. கதைக்குள் பின்வரிசையில் நின்றவன் கதைநூலின் வாயிலில் முன்வரிசையில் நிற்கிறான். அப்பெயருக்குப் பொருள் என்ன, அப்பொருள் வழியில் என்னவாயிற்று என்று ஆராய்ந்தால், ஒரு மொழியின் சொல் மற்றொரு மொழியில் எவ்வாறு வாழ்கிறது என்பது விளங்கும். அதனோடு, கரடகன் எத்தகையவன் என்ற வினாவிற்கும் விடை கிடைக்கும்.

முதலில் பஞ்சதந்திர ஆசிரியர் பெயரிடும் முறையைக் காண்போம். அந்நூலில் பொருளற்ற பெயரைத் தேடினால் எளிதில் அகப்படாது. மெதுவாக நடக்கும் ஆமைக்கு மந்தரகன் என்று பெயர். பொன்னின் மேல் வளை அமைத்து வாழும் எலி இரணியகன். விரைந்து பறக்கும் காகம் இலகுபதனகன். கழுத்தில் பல நிறம் கொண்ட புறாவரசன் சித்திரக்கிரீவன். மூன்று மீன்களின் கதையில் இம்முறை உச்ச நிலையை அடைகிறது. வருமுன் காப்பவன், வந்தபோது அறிவைப் பயன்படுத்துபவன், வருவது வரட்டும் என்றிருப்பவன் என்னும் பொருள்படும் அநாகதவிதாதா, பிரத்யுத்பன்னமதி, யத்பவிஷ்யன் என்பனவே அம்மீன்களின் பெயர்கள். பெயரைக் கேட்ட அளவிலேயே எந்த மீன் தப்பும், எந்த மீன் மாளும் என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே, இந்நூலில் பெயர் என்பது வெறும் அடையாளம் ஆகாது. கதையின் திறவுகோல் என்றே அதனைக் கொள்ளவேண்டும்.

நம் கதையிலும் அவ்வாறே. தென்னாட்டு மகிலாரோப்பிய நகரத்து வணிகன் ஒருவன் மதுரா நகரை நோக்கி வண்டி பூட்டிச் செல்கிறான். செல்வத்தை வளர்க்க விரும்பிய அவ்வணிகனின் பெயர் வர்த்தமானகன். வளர்பவன் என்பது பொருள். யமுனைக் கரைக் காட்டில் அவனுடைய எருதுகளில் ஒன்று கால் முறிந்து வீழ்கிறது. காவலுக்கு வைத்த ஆட்கள் அது இறந்துவிட்டதென்று பொய் கூறிப் போய்விடுகின்றனர். எருது இறக்கவில்லை, பசும்புல் மேய்ந்து மீண்டும் உயிர் பெற்றது போல் எழுந்து முழங்குகிறது. அதன் பெயர் சஞ்சீவகன். உயிர் பெற்றவன், உயிர்ப்பிப்பவன் என்றெல்லாம் பொருள்படும். நீர் பருக வந்த சிங்கம் அம்முழக்கத்தைக் கேட்டு அஞ்சி நிற்கிறது. பொன்னிறம் வாய்ந்த அச்சிங்கத்தின் பெயர் பிங்கலகன். அரசனுடைய அச்சத்தைக் குறிப்பால் உணர்ந்தவை இரண்டு நரிகள். அவை ஒரு காலத்தில் அமைச்சர் குடியில் பிறந்து, பின்னர் பதவி இழந்து, சிங்கம் உண்டு எஞ்சியதைத் தின்று வாழ்பவை.

இனித் தமனகன் என்னும் பெயரைக் காண்போம். 'தம்' என்னும் வடமொழி வேருக்கு அடக்குதல் என்பது பொருள். தமனன் என்றால் அடக்குபவன். நளன் கதையில் தமயந்தியின் உடன்பிறந்தவருள் ஒருவன் பெயரும் தமனன். அவர்கள் பிறப்பதற்கு வரமளித்த முனிவர் பெயரும் அதுவே. ஆகவே அது மதிப்பிற்குரிய பெயர். அதன் இறுதியில் 'க' என்னும் சிறு விகுதி சேர்ந்ததும் தமனகன் ஆகிறது. சிறுமை, இகழ்ச்சி, இரக்கம் ஆகிய பொருள்களில் இவ்விகுதி வரும் என்று பாணினி இலக்கணம் கூறும். பேரரசர்க்குரிய பெயரை நரிக்குச் சூட்டி, அதன் வாலில் ஒரு சிற்றெழுத்தைத் தொங்கவிட்ட ஆசிரியரின் குறும்பை நாம் இங்கே காண்கிறோம். தமனகன் சிங்கத்தையே தன் சொல்லுக்கு அடக்கியவன். ஆனால் தன் ஆசையை அடக்கத் தெரியாதவன். இதே சொல் ஒரு நறுமணச் செடிக்கும் பெயர். நம் பூக்கடைகளில் தவனம் என்றும் மருக்கொழுந்து என்றும் விற்கும் செடியே வடமொழியில் தமனகம். மணம் வீசும் பெயர்தான். அதனைத் தாங்குபவனிடத்தில்தான் மணமில்லை.

கரடகன் என்னும் பெயருக்குப் பொருள் காண்பது இத்துணை எளிதன்று. இதன் அடிச்சொல் கரடம், கரடன் என்பது. அச்சொல்லுக்கு வடமொழி அகராதிகள் பல பொருள் கூறுகின்றன. அவற்றுள் நமக்கு வேண்டியவை மூன்று. முதலாவது, யானையின் கன்னம், அதாவது மதநீர் வழியும் இடம். தமிழ்ப் புலவர்களும் யானையைப் பாடும்போது கரடம் என்னும் சொல்லை இப்பொருளில் ஆண்டுள்ளனர். இரண்டாவது, ஒழுக்கத்தினின்று வழுவிய அந்தணன், இழிதொழில் செய்பவன், நம்பிக்கையற்றவன் என்னும் பொருள். மூன்றாவது, காகம். கரடகன் என்னும் நீண்ட வடிவத்திற்கும் காகம் என்ற பொருள் அகராதிகளில் உண்டு.

இம்மூன்றில் எதனைக் கொள்வது? நான் ஆசிரியத் தொழிலில் இருந்த காலமெல்லாம் மாணவர்க்குக் கூறிவந்த முறை ஒன்றுண்டு. ஒரு சொல்லுக்கு அகராதி பத்துப் பொருள் தரலாம். அவற்றுள் எது பொருந்தும் என்பதை அச்சொல் நிற்கும் இடமே தீர்மானிக்கும். மனிதரின் பெயராயின், அவர் செய்த செயல்களோடு வைத்துப் பார்க்கவேண்டும். அம்முறையை இங்கும் கையாள்வோம்.

யானையின் கன்னம் என்னும் பொருள் இந்நரிக்குச் சிறிதும் பொருந்தவில்லை. மதமும் வலிமையும் கரடகனிடம் இல்லை; அவன் அச்சமும் எச்சரிக்கையும் மிக்கவன். வழுவிய அந்தணன் என்னும் பொருள் ஓரளவு பொருந்தும். நூல்களை ஓதி, அறநெறிகளை அறிந்து, பதவியிழந்து, எச்சிலுண்டு வாழும் நிலையில் அவன் இருப்பது உண்மையே. ஆயினும், அந்நிலை தமனகனுக்கும் பொதுவானது. இருவரையும் வேறுபடுத்திக் காட்டுவதற்கே இரண்டு பெயர்கள் வேண்டும். எனவே, காகம் என்னும் பொருளே எஞ்சி நிற்கிறது.

நரிக்குக் காகத்தின் பெயரா என்று நீங்கள் வியக்கலாம். பறவைகளுள் காகமும் விலங்குகளுள் நரியும் சூழ்ச்சித் திறம் மிக்கவை என்று வடமொழி நீதி இலக்கியம் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பேசும். ஆகவே அறிவுடைய நரிக்குக் காகப் பெயர் அமைவதில் முரண் இல்லை. என் கருத்தில் அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. காகம் கரையும். ஆபத்தைக் கண்டால் முதலில் குரல் கொடுப்பது அது. பருந்து வந்தாலும் பாம்பு வந்தாலும் ஊரறியக் கத்தும். கத்துவது அதன் இயல்பு. கரடகன் கதையில் செய்வது என்ன? அவனும் கரைகிறான்; ஆனால் ஒருவன் காதில் மட்டுமே கரைகிறான்.

அவன் சொல்லும் கதைகளைப் பாருங்கள். தமனகன் அரசனிடம் செல்ல எண்ணியதும், நமக்குத் தொடர்பில்லாத செயலில் தலையிடலாகாது என்று கூறி, ஆப்பைப் பிடுங்கி மாண்ட குரங்கின் கதையைச் சொல்பவன் கரடகன். தமனகன் கேட்கவில்லை. உடனே கரடகன் தன் மறுப்பை மறந்து, உன் பயணம் நலமாகுக என்று வாழ்த்தி அனுப்புகிறான். இங்கே அவனுடைய குணம் முழுவதும் வெளிப்பட்டுவிட்டது. தவறு என்று அறிகிறான், தவறு என்று சொல்கிறான், சொன்னபின் வாழ்த்துகிறான்.

பின்னர் சிங்கமும் எருதும் நண்பராகின்றன. அரசன் வேட்டையை மறக்கிறான். மற்ற விலங்குகளோடு நரிகளும் பசியால் வாடுகின்றன. தமனகன் நட்பைக் குலைக்கத் திட்டமிடுகிறான். அத்திட்டத்தைக் கேட்டறிந்தவன் கரடகன். எருதிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் எருது பிழைத்திருக்கும். சிங்கத்திடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அரசன் பழியினின்று தப்பியிருப்பான். கரடகன் இரண்டையும் செய்யவில்லை. சிங்கமும் எருதும் குருதி சோரப் போரிடும்போதுதான் அவன் வாய் திறக்கிறான். அப்போதும் தமனகனிடமே பேசுகிறான். அறத்தைக் கூறுகிறான், அமைச்சர்க்குரிய இலக்கணத்தைக் கூறுகிறான், மிகக் கடுமையாகவே இடித்துரைக்கிறான்.

அவ்வேளையில் அவன் சொல்லும் கதைகளுள் ஒன்று சூசீமுகன் என்னும் பறவையைப் பற்றியது. ஊசி போன்ற வாயுடையது என்பது அப்பெயரின் பொருள். குளிரில் நடுங்கிய குரங்குகள் நெருப்பல்லாத ஒன்றை நெருப்பென்று எண்ணி ஊதிக்கொண்டிருந்தன. இப்பறவை சென்று பலமுறை அறிவுரை கூறிற்று. சினமுற்ற குரங்கு ஒன்று அதனைப் பிடித்து அடித்துக் கொன்றது. தகுதியற்றவனுக்குக் கூறும் அறிவுரை பயனற்றது என்று காட்டவே கரடகன் இதனைக் கூறுகிறான். அறிவுரை கூறும் பறவையின் கதையைக் காகத்தின் பெயர் கொண்டவன் கூறுவது எத்துணைப் பொருத்தம்! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சூசீமுகன் தான் சொன்ன சொல்லுக்காக உயிரைக் கொடுத்தது. கரடகன் எதனையும் கொடுக்கவில்லை.

இன்னொரு கதை தருமபுத்தி, பாபபுத்தி என்னும் இருவரைப் பற்றியது. இருவரும் புதைத்து வைத்த பொருளைப் பாபபுத்தி தானே எடுத்துக்கொண்டு, பழியைத் தருமபுத்தி மேல் சுமத்துகிறான். மரத்தின் தெய்வமே சாட்சி என்கிறான். தன் தந்தையை அம்மரத்தின் பொந்தில் ஒளிந்திருந்து பொய்ச்சாட்சி கூறும்படி வேண்டுகிறான். தந்தை தீமையை அறிந்தவர். கொக்கும் பாம்பும் கீரியும் பற்றிய கதையைக் கூறி மகனை எச்சரிக்கிறார். எச்சரித்தபின் பொந்திற்குள் சென்று அமர்கிறார். தருமபுத்தி மரத்தில் தீ மூட்ட, வெந்து வெளியே வந்து மாள்கிறார். இக்கதையைத் தமனகனுக்குப் பாடமாகக் கூறுகிறான் கரடகன். கேட்கும் நமக்கோ, கதையில் வரும் தந்தையே கரடகன் என்று தோன்றுகிறது. தீமையை அறிந்து, கதை கூறி எச்சரித்து, பின் அத்தீமைக்குள்ளேயே இருந்தவர் அல்லவா அவர்? தன் கதையைத் தானே கூறியும் அதனை உணராதவனாகக் கரடகனை ஆசிரியர் படைத்திருக்கிறார்.

இந்தப் பொருளோடு இப்பெயர் இந்தியாவை விட்டு வெளியேறியது. பாரசீகத்தை 531 முதல் 579 வரை ஆண்ட குஸ்ரூ அனூஷிர்வான் மன்னனின் அவையில் புர்சோய் என்னும் மருத்துவர் இருந்தார். இறந்தோரை எழுப்பும் மூலிகையைத் தேடி அவர் இந்தியாவிற்கு வந்ததாகவும், அம்மூலிகை நூலறிவே என்று இங்குள்ள பெரியோர் உணர்த்தியதாகவும் ஒரு மரபுக் கதை வழங்குகிறது. அவர் பஞ்சதந்திரத்தையும் வேறு சில கதைகளையும் பகலவி மொழியில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு இன்று கிடைக்கவில்லை. ஆயினும், அதனின்று 570-ஆம் ஆண்டை ஒட்டி பூத் என்னும் கிறித்தவப் பெரியார் செய்த சிரியாக் மொழிபெயர்ப்பின் ஏட்டுப்படி 19-ஆம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்டு, 1876-இல் ஜெர்மனியில் அச்சாயிற்று. அந்நூலின் பெயர் 'கலிலக், தமனக்' என்பது. தமனகனை நாம் உடனே அறிந்துகொள்கிறோம். கலிலக் என்பவன்தான் நம் கரடகன்.

கரடகன் எவ்வாறு கலிலக் ஆனான்? பகலவி எழுத்தில் ரகரத்தையும் லகரத்தையும் வேறுபடுத்திக் காட்டுவது அரிது. ஒரே வடிவம் இரண்டிற்கும் நிற்கும். எனவே 'கர' என்பதைக் 'கல' என்று படிக்க இடமுண்டு. டகர ஒலியோ உயிர்களுக்கு இடையே மென்மையடைந்து ளகரத்தை நெருங்குவது இந்திய மொழிகளில் புதியதன்று. வடமொழியில் விளையாட்டைக் குறிக்கும் 'கிரீடா' பாலி மொழியில் 'கீளா' ஆயிற்று. தமிழறிந்த நமக்கு இதனை விளக்க அயல்மொழிச் சான்றும் வேண்டுவதில்லை. கருடனை நம் புலவர்கள் கலுழன் என்று வழங்கினர். அங்கே ரகரம் லகரமாயிற்று, டகரம் ழகரமாயிற்று. கருடன் கலுழன் ஆனதை ஏற்றுக்கொண்ட நம் செவிக்குக் கரடகன் கலிலக் ஆனது வியப்பாகத் தோன்றாது.

ஒலி பிழைத்தது, பொருள் பிழைக்கவில்லை. கலிலக் என்னும் சொல்லைக் கேட்ட பாரசீகனுக்கோ சிரியனுக்கோ காகத்தின் நினைவு வருவதற்கு வழியே இல்லை. 750-ஆம் ஆண்டை ஒட்டி இப்னு அல் முகஃபா என்னும் பேரறிஞர் பகலவி நூலை அரபு மொழியில் பெயர்த்தார். பாரசீகக் குடியில் பிறந்து அரபு உரைநடைக்கு வழிவகுத்தவருள் ஒருவர் அவர். அவர் கையில் அப்பெயர்கள் 'கலீலா, திம்னா' என்று ஆயின. நூலின் பெயரும் அதுவே. இந்நூல் இஸ்லாமிய உலகம் முழுவதும் பரவிற்று. 1251-இல் ஸ்பெயின் நாட்டுக் கஸ்தீலிய மொழியில் பெயர்க்கப்பட்டது. ஈபுரு மொழி வழியாக இலத்தீனுக்கும் அங்கிருந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற்கும் சென்றது.

இனித்தான் பெயரின் வரலாற்றில் விந்தையான பகுதி வருகிறது. 11-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், கான்ஸ்டான்டிநோபிளில் அலெக்சியஸ் கொம்னேனஸ் பேரரசனுக்காக, சிமியோன் சேத் என்னும் அறிஞர் அரபு நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். அவர் பெயர்களையும் மொழிபெயர்க்க விரும்பினார். கலீலா என்பதை அரபுச் சொல்லாகவே கொண்டார். அரபு மொழியில் 'இக்லீல்' என்றால் முடி, மகுடம். எனவே கலீலா 'ஸ்டெபனிட்டஸ்' ஆனான். மகுடம் அணிந்தவன் என்பது பொருள். 'திம்னா' என்பது அரபு மொழியில் மக்கள் விட்டுச் சென்ற குடியிருப்பின் சுவட்டைக் குறிக்கும். எனவே திம்னா 'இக்னிலாட்டஸ்' ஆனான். சுவடு பார்த்துச் செல்பவன் என்பது பொருள். இக்கிரேக்க நூலினின்று சிலாவிய மொழிகளுக்கும் இப்பெயர்கள் பரவின. யமுனைக் கரையில் எச்சில் உண்டு வாழ்ந்த காகப் பெயருடைய நரி, பைசாந்தியப் பேரரசில் முடிசூடி நின்றது!

சிமியோன் சேத்தைக் குறைகூற எனக்கு மனமில்லை. பெயருக்குப் பொருள் உண்டு என்று அவர் நம்பினார்; பஞ்சதந்திரத்தைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை மெய்யே. பெயர் பிறந்த மொழி எது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. சொல்லின் ஒலியை மட்டும் பற்றிக்கொண்டு பொருள் தேடினால் எங்கே போய்ச் சேருவோம் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஊர்ப் பெயர்களுக்கும் குலப் பெயர்களுக்கும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு பழம்பெருமை கற்பிக்கும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. மகுடம் சூட்டுவது எளிது. அம்மகுடம் அத்தலைக்கு உரியதா என்று கேட்பதே ஆராய்ச்சி.

பெயரின் பொருள் மறைந்த அரபு நாட்டில், பெயருக்குரியவனின் கதை வளர்ந்தது. வடமொழிக் கதையில் எருது மாண்டபின் தமனகன் மீண்டும் அமைச்சனாகிறான். அவனுக்குத் தண்டனை இல்லை. கரடகனைப் பற்றியோ பேச்சே இல்லை. அரபு நூலில் இதற்குப் பின் திம்னாவின் வழக்கு என்னும் புதிய பகுதி ஒன்று வருகிறது. இது இப்னு அல் முகஃபா தாமே சேர்த்தது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். கலீலா இரவில் திம்னாவை இடித்துரைப்பதை வழியிற் சென்ற சிறுத்தை ஒன்று கேட்டுவிடுகிறது. அச்செய்தி சிங்கத்தின் தாயை எட்டுகிறது. திம்னா சிறைப்படுகிறான். கலீலா சிறைக்குச் சென்று அவனிடம் அழுது பேசுகிறான். அதனையும் மற்றொரு விலங்கு கேட்கிறது. வீடு திரும்பிய கலீலா துயரத்தாலேயே இறந்து போகிறான். கேட்டவர்கள் சாட்சி கூற, திம்னா கொலைத் தண்டனை பெறுகிறான்.

நேயர்களே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். காகம் என்னும் பொருளை அறியாத நாட்டிலேதான் அக்காகத்தின் குரல் வெளியே கேட்டது. தனியிடத்தில் ஒருவன் காதில் மட்டும் சொன்ன உண்மை, அவன் விரும்பாமலேயே, பொது மன்றத்தில் சாட்சியாயிற்று. ஆனால் அதற்குள் எருது இறந்துவிட்டது. உண்மை வெளிப்பட்டது, உயிர் மீளவில்லை. உரியவன் உரிய காலத்தில் சொல்லாத உண்மையைப் பிறர் ஒட்டுக்கேட்டுச் சொல்ல நேர்ந்தது. அவனுக்கு அரசன் தண்டனை தரவில்லை. தன் நெஞ்சே அவனைத் தண்டித்தது.

இக்கதையை நான் வகுப்பில் நடத்திய நாளில் ஒரு மாணவன் எழுந்து, 'ஐயா, கரடகன் நல்லவனா, கெட்டவனா?' என்று கேட்டான். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. 'அவன் புத்தி சொன்னானே. அவன் நல்லவன்' என்றனர் சிலர். 'எருதிடம் சொல்லவில்லையே, அவனும் கெட்டவன்' என்றனர் சிலர். நான் விடை கூறவில்லை. 'எருது உயிர் மீண்டு வந்து உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்?' என்று மட்டும் கேட்டேன். வகுப்பு அமைதியாயிற்று. தமனகனைப் போன்ற கொடியவர் உலகில் மிகச் சிலரே. அவர்களைக் கண்டு ஒதுங்கிவிடலாம். கரடகனைப் போன்றவரோ பலர். அலுவலகத்திலும் சங்கத்திலும் குடும்பத்திலும் தவறு நடப்பதை அறிந்து, நடத்துபவனை மட்டும் தனியே கண்டித்து, தம் கடமை முடிந்ததென்று உறங்கச் செல்பவர்கள் அவர்கள். நல்லவர் என்றே பெயர் பெற்றிருப்பார்கள். பாதிக்கப்பட்டவனுக்கு அந்நற்பெயரால் பயன் ஒன்றுமில்லை.

தமிழில் பஞ்சதந்திரத்தை உரைநடையில் தந்த பெருமை தாண்டவராய முதலியாரைச் சேரும். சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழாசிரியராக விளங்கிய அவர் மராத்தி மொழியினின்று பெயர்த்த நூல் 1826-இல் வெளிவந்தது. உலகம் சுற்றிய கலீலா ஒருபுறம் இருக்க, நம் தமிழில் அவன் கரடகனாகவே நிலைபெற்றான். எழுத்தும் ஒலியும் ஏறத்தாழ வடமொழியில் இருந்தவாறே உள்ளன. நாம் பெற்ற பேறு இது. சற்றே முயன்றால் அப்பெயருக்குள் இருக்கும் காகத்தை நம்மால் காணமுடியும். கிரேக்கர் அதற்குச் சூட்டிய மகுடத்தை மறுத்து, அதற்குரிய கறுப்புச் சிறகை மீண்டும் தர முடியும்.

இனி உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு இக்கதையைக் கூறும்போது 'ஒரு நரி' என்று சுருக்கிவிடாதீர்கள். இரண்டு நரிகள் இருந்தன என்று சொல்லுங்கள். இரண்டாவதன் பெயருக்குக் காகம் என்று பொருள் என்பதையும் சொல்லுங்கள். அக்காகம் எப்போது கரைந்திருக்க வேண்டும், யாரிடம் கரைந்திருக்க வேண்டும் என்று குழந்தைகளையே கேளுங்கள். விடையை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.